கோயம்பேடு ஆளுன்னா கொரோனா ஆளா?

சென்னை, 9.5.2020

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் அயனாவரம் பக்கம் சின்னதா ஒரு காய்கறி கடை வச்சிருக்கேன். சரக்கு எல்லாம் கோயம்பேடு மொத்த மார்க்கெட்லதான், ராத்திரி ரெண்டு மணிக்கு கிளம்பிப் போயி விடிகாலைல குட்டியானைல, அதான் சின்ன லோடு வண்டில, ஏத்திட்டு வந்து கடைய திறக்கறதுதான் பொழப்பு. லெட்டர் எல்லாம் எழுதிப் பழக்கம் இல்ல, போன்ல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா நீங்களே திருத்திப் போட்டுக்கோங்க, விஷயத்த மட்டும் வெட்டிடாதீங்க.

ஒரு வாரமா பேப்பர், டிவி, வாட்ஸ்அப் எங்க பாத்தாலும் கோயம்பேடுதான். மே 4-ஆம் தேதி தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 527 பேருக்கு கொரோனா, 6-ஆம் தேதி 771, நேத்து 600, மொத்தம் 6,009 ஆயிடுச்சு. இதுல பெரும்பங்கு கோயம்பேடு தொடர்புன்னு கவர்ன்மென்ட் சொல்லுது, நான் இல்லைன்னு சொல்லல. மார்க்கெட்ல பரவுனது உண்மைதான். ஆனா நீங்க எல்லாம் எழுதறத படிச்சா என்னமோ கோயம்பேட்டுக்காரன் மூட்டைல வைரஸ கட்டிக்கிட்டு ஊர் ஊரா போயி வேணும்னே கொட்டிட்டு வந்த மாதிரி இருக்கு. கூட்டம் எங்க சேந்துச்சுன்னு மட்டும் எழுதறீங்க, ஏன் சேந்துச்சுன்னு எழுத மாட்டேங்கறீங்க. அதுக்குதான் இந்த லெட்டர்.

என் கடைக்கு எதிர்வீட்டு அம்மா ரொம்ப வருஷமா என் கிட்டதான் காய் வாங்குறாங்க, கீரைக்கட்டு சின்னதா இருக்குன்னு சண்டை போட்டுட்டு கறிவேப்பிலைய ஓசில எடுத்துட்டுப் போவாங்க, அப்படி ஒரு பழக்கம். இப்ப நான் கடைல உக்காந்திருந்தா அவங்க வீட்டு ஜன்னல சாத்துறாங்க. கார்ப்பரேஷன்ல இருந்து வந்து கோயம்பேடு போறவங்கன்னு எங்களுக்கு எல்லாம் டெஸ்ட் எடுத்தாங்க, மூக்குல குச்சி விட்டு. அப்புறம் போன் பண்ணி நெகட்டிவ்னு சொன்னாங்க, அவ்ளோதான், கைல பேப்பர் எதுவும் குடுக்கல. போன்ல சொன்னத நான் எப்படி தெருவுக்கே காட்டறது? டெஸ்ட் எடுக்க வந்த வண்டிய தெருவே பாத்துச்சு, ரிசல்ட்ட நான் மட்டும்தான் கேட்டேன்.

மார்க்கெட்டுக்குள்ள வராதவங்களுக்கு அது எப்படி நடக்குதுன்னே தெரியாது, அதையும் சொல்லிடறேன். முன்னாடி கொத்தவால்சாவடில நசுங்கிக்கிட்டு இருந்தத 1996-ல கோயம்பேட்டுக்கு மாத்துனாங்க. காய், பழம், பூ எல்லாம் சேத்து மூவாயிரத்துக்கு மேல கடை. தினம் லட்சம் பேர் வந்து போற இடம்னு சொல்வாங்க, நான் எண்ணிப் பாத்ததில்ல, ஆனா விடிகாலைல உள்ள நடந்து பாத்தா நம்பலாம். ராத்திரி பத்து பதினோரு மணில இருந்து லாரி நுழைய ஆரம்பிக்கும், நாசிக் வெங்காயம், ஆந்திரா கர்நாடகா தக்காளி, ஊட்டி கேரட், ஒட்டன்சத்திரம் முருங்கைக்கா. லோடுமேனுங்க தலைல சும்மாடு வச்சு மூட்டைய ஏத்திக்கிட்டு ஓடுவாங்க, நடக்க மாட்டாங்க, ஏன்னா மூட்டைக்குதான் கூலி, மணிக்கு இல்ல. வழி விடு வழி விடுன்னு கத்திக்கிட்டே நம்ம தோள இடிச்சுட்டுதான் போவாங்க, அந்த சந்துல ரெண்டு ஆள் எதிர் எதிர வந்தாலே ஒட்டிக்கிட்டுதான் போகணும், இதுல ஆறடி இடைவெளிய எங்க தேடுறது. விலை பேசறதும் சத்தம் போட்டுத்தான், மாஸ்க்க இறக்கி விட்டாதான் மண்டிக்காரருக்கு கேக்கும். மாஸ்க் போட்டுக்கிட்டு வெங்காய மூட்டைய தலைல வச்சு ஒரு நடை நடந்து பாருங்க, மூச்சு நின்னுடும். நோட்டு கை மாறும், டீ கிளாஸ் ஒரே பக்கெட் தண்ணில முங்கி எந்திரிச்சு அடுத்த ஆளுக்குப் போகும். வேலை முடிஞ்சா லோடுமேனுங்க கடை மேலயே, திண்ணைலயே, இல்ல நெற்குன்றம் பக்கம் ஒரே ரூம்ல எட்டு பேரு பத்து பேரு படுப்பாங்க. இருமல், தும்மல்ல தெறிக்கற துளி வழியாதான் பரவுது, கூட்டத்துல ஒட்டி நின்னா சீக்கிரம் ஒட்டும்னு டாக்டருங்க தினம் டிவில சொல்றாங்களே, அந்த நோய்க்கு இத விட வசதியான இடம் சென்னைல வேற எது?

சரி, இது யாருக்குமே தெரியாத ரகசியமா? அதுதான் என் கேள்வி. சீனால வூஹான்ல முதல்ல மூடுனதே ஒரு மார்க்கெட்டத்தான், ஹுவானான் மீன் மார்க்கெட், இந்த வருஷம் ஜனவரி 1-ஆம் தேதி. ஆரம்பத்துல வந்த நோயாளிங்கள்ல நிறைய பேரு அந்த மார்க்கெட்டோட சம்பந்தப்பட்டவங்கன்னு அப்பவே நியூஸ் வந்துச்சு. ஜனவரி 30-ஆம் தேதி கேரளால திருச்சூர்ல வூஹான்ல இருந்து வந்த மாணவிக்கு இந்தியாவோட முதல் கேஸ். மார்ச் 7-ஆம் தேதி தமிழ்நாட்டுல முதல் கேஸ், ஓமன்ல இருந்து வந்த காஞ்சிபுரத்துக்காரர். மார்ச் 11-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் இத உலகம் பூரா பரவுற தொற்றுன்னு அறிவிச்சிடுச்சு. நாம அப்ப என்ன பண்ணிக்கிட்டு இருந்தோம்? கோழி தின்னா வரும்னு ஒரு வாட்ஸ்அப்ப நம்பி கறிக்கடைக்காரன நடுத்தெருவுல விட்டோம், கோழி விலை தரைக்கு வந்துச்சு. வெயிலுக்கு செத்துடும்னு ஒருத்தர், மஞ்சளும் வேப்பிலையும் கரைச்சு தெருல தெளிச்சா போதும்னு ஒருத்தர். ஏர்போர்ட்ல வர்றவன் நெத்தில மெஷின வச்சு ஜுரம் பாத்தா வேலை முடிஞ்சதுன்னு அரசாங்கமும் கொஞ்ச நாள் இருந்துச்சு, ஜுரமே இல்லாம நோய் உள்ள வரும்னு எல்லாரும் உணர்றதுக்குள்ள நாள் ஓடிடுச்சு.

ஆனா முன்னாடியே யோசிச்ச ஊரும் இருக்கு. திருச்சில காந்தி மார்க்கெட் மொத்த வியாபாரத்த மார்ச் கடைசிலயே பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு மாத்திட்டாங்க, திறந்தவெளி, கடைக்கு கடை தூரம் விட்டு. பல ஊர்ல பஸ் ஓடாம சும்மா கிடந்த பஸ் ஸ்டாண்ட்லயே காய்கறி சந்தை போட்டாங்க, நல்ல யோசனை, காசு செலவே இல்ல. தலைநகரத்துல மட்டும் ஏப்ரல் கடைசி வரைக்கும் அத்தன கூட்டமும் ஒரே காம்பவுண்டுக்குள்ள. நியாயமா ஒண்ண சொல்லிடறேன், அதிகாரிங்க வேற இடத்துக்குப் போங்கன்னு பேசிப் பாத்தாங்க, பெரிய வியாபாரிங்க தரப்புல ஒத்துக்கல. அங்க கடை இல்ல, குடோன் இல்ல, சரக்கு வீணாப் போகும்னு நின்னாங்க. அவங்க பயம் எனக்குப் புரியுது, தக்காளிய ரெண்டு நாள் வெயில்ல வச்சா தண்ணியா ஓடிடும். ஆனாலும் ஊரடங்குன்னு கோயில மூடுனீங்க, ஸ்கூல மூடுனீங்க, ரயில நிறுத்துனீங்க, அதுக்கெல்லாம் யார் சம்மதமும் கேக்கல, இதுக்கு மட்டும் சங்கத்து சம்மதத்துக்காக காத்திருந்தோம்னு சொன்னா எப்படி? உத்தரவு போட்டு, போற இடத்துல ஷெட்டும் தண்ணியும் குடுத்திருந்தா முணுமுணுத்துக்கிட்டே போயிருப்பாங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. ஞாயித்துக்கிழமை 26-ல இருந்து 29 வரைக்கும் சென்னை, கோவை, மதுரைல முழு ஊரடங்கு, மளிகைக்கடை காய்கறிக்கடை எதுவும் கிடையாதுன்னு அறிவிப்பு வருது. வண்டில வச்சு காய் விக்கலாம், கோயம்பேடு மொத்த மார்க்கெட் கட்டுப்பாட்டோட நடக்கும்னு எல்லாம் அதுல இருந்துச்சு, உண்மைதான், ஆனா ஐயா, நாலு நாள் கடை இல்லைன்னு டிவில ஓடுனா அதுக்கு அப்புறம் எழுதி இருக்கறத எவன் படிப்பான்? நடுவுல இருக்கறது ஒரே ஒரு சனிக்கிழமை. ஒரு கோடி ஜனம் இருக்கற ஊருக்கு நாலு நாள் காய், அரிசி, பால் பவுடர் வாங்க ஒரு பொழுது. என் கடைல அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே ஷட்டர தட்டுறாங்க. வட்டம் போட்டு வச்சிருந்தேன் சுண்ணாம்புல, அந்த வட்டத்து மேலயே ஆறு பேரு நிக்கறாங்க. கூட்டத்த பாத்துட்டு ஒரு மணி வரைக்கும்னு இருந்த நேரத்த மூணு மணி வரைக்கும் நீட்டுனாங்க, அதுவே சொல்லுதே கணக்கு தப்பிடுச்சுன்னு.

கோயம்பேட்ட கேக்கவே வேணாம். என்ன மாதிரி சில்லறை வியாபாரி நாலு நாள் சரக்க ஒரே ராத்திரில எடுக்கணும், அது போக வீட்டுக்கு வாங்க வந்த குடும்பஸ்தன் எல்லாம் பைக்க நிறுத்திட்டு மொத்த மார்க்கெட்டுக்குள்ளயே நுழையறான். பூ மார்க்கெட் பக்கம் திரும்பவே முடியல, பொங்கலுக்கு முதல் நாள் எப்படி இருக்குமோ அப்படி. போலீஸ்காரர் மைக்ல கத்திக் கத்தி தொண்டை கட்டிப்போயி கடைசில சும்மா நின்னுட்டாரு பாவம். 30-ஆம் தேதி மறுபடி கடை திறந்தப்ப மறுபடி ஒரு கூட்டம்.

ஒரே மாசத்துல இது முதல் தடவையும் இல்ல. மார்ச் 24 சாயங்காலம் ஆறு மணில இருந்து 144 தடை உத்தரவுன்னு சொன்னப்ப இதே கோயம்பேட்டுல பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்னு பாத்திருந்தா தெரியும், ஊருக்குப் போற ஜனம் பஸ் படில, ஜன்னல்லன்னு தொங்கிக்கிட்டுப் போச்சு. கூட்டம் சேராதேன்னு போட்ட உத்தரவே ரெண்டு தடவையும் கூட்டத்த சேத்து விட்டுச்சு.

வைரஸ் அந்த சனிக்கிழமைதான் மார்க்கெட்டுக்குள்ள வந்துச்சுன்னு நான் சொல்ல வரல. அந்த வாரக் கடைசிய ஒட்டியே வியாபாரிங்க சிலருக்கு பாசிட்டிவ் வர ஆரம்பிச்சிடுச்சு, அப்படின்னா ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே உள்ள இருந்திருக்கணும், ஒட்டுனதுல இருந்து அறிகுறி தெரிய 14 நாள் வரைக்கும் ஆகலாம்னு டாக்டருங்களே சொல்றாங்க, பல பேருக்கு அறிகுறியே வர்றதில்ல. ஏற்கெனவே உள்ள புகைஞ்சுக்கிட்டு இருந்த இடத்துக்கு மொத்த ஊரையும் ஒரே நாள்ல அனுப்பி வச்சாங்க, நான் சொல்றது அவ்ளோதான். மே முதல் வாரத்துல நம்பர் ஏன் எகிறுதுன்னு கேக்கறவங்க கேலண்டர பின்னாடி திருப்பிப் பாக்கட்டும்.

அடுத்தது இன்னும் கொடுமை. மார்க்கெட்ட மூடப் போறாங்க, பூக்கடை பழக்கடைய மாதவரத்துக்கு மாத்தறாங்கன்னு பேச்சு வந்ததும் லோடுமேனுங்களுக்கு வேலை போச்சு. அரியலூர், கடலூர், விழுப்புரம், பெரம்பலூர் ஆளுங்கதான் நிறைய. வேலை இல்லைன்னா கூலி இல்ல, கூலி இல்லைன்னா சோறு இல்ல, ரயில் இல்ல, பஸ் இல்ல, சரக்கு இறக்கிட்டு காலியா திரும்புற லாரிலதான் ஏறிப் போனாங்க. எனக்கு வழக்கமா மூட்டை தூக்கற பையன் ஒருத்தன், இருபத்தஞ்சு வயசு இருக்கும், கிளம்பற அன்னிக்கு எனக்கு போன் பண்ணி அண்ணே ஊருக்குப் போறேன், பாக்கி இருநூறு ரூபாய அப்புறம் வாங்கிக்கறேன்னு சொன்னான். அவனுக்கு சளி இல்ல, ஜுரம் இல்ல. ஊருக்குள்ள விடல, ஸ்கூல்ல கொண்டு போயி வச்சு டெஸ்ட் எடுத்ததுல பாசிட்டிவ். இப்ப ஆஸ்பத்திரில நல்லாத்தான் இருக்கான், போன்ல சிரிச்சுக்கிட்டே பேசறான், அவங்க அப்பா அம்மா வீட்டு வாசல்ல தனிமைப்படுத்துன வீடுன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்களாம், ஊர்க் குழாய்ல தண்ணி பிடிக்க விடல. அது சொல்றப்ப மட்டும் சிரிக்கல.

மார்க்கெட் மூடுனது 5-ஆம் தேதி. மூடறதுக்கு முன்னாடி அத்தன பேரையும் அங்கயே நிறுத்தி, மூணு வேள சோறு போட்டு, டெஸ்ட் எடுத்து, அப்புறம் கவர்ன்மென்ட் பஸ்லயே ஊருக்கு அனுப்பியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? கேட் யார் கைல இருந்துச்சு? பக்கத்துலயே பஸ் ஸ்டாண்ட் காலியா கிடந்துச்சு. அத செய்யாம விட்டுட்டு, இப்ப மாவட்டம் மாவட்டமா தேடிப் பிடிக்கறாங்க, நோய் ஆந்திரால சித்தூர், நெல்லூர் வரைக்கும் போயிடுச்சுங்கறாங்க. தேடறது நல்ல வேலைதான், தேடற சுகாதார ஊழியருங்க ராத்திரி பகல் பாக்காம ஓடறாங்க, அவங்களுக்கு கும்பிடு. ஆனா தேடறவங்களுக்கு நீங்க உதவி பண்ணலையே ஐயா. தினம் தலைப்புல கோயம்பேடு கோயம்பேடுன்னு அடிச்சா, கோயம்பேடு போயிட்டு வந்தவன் தானா வந்து நான் போனேன்னு சொல்வானா? மறைப்பான். எங்க ஏரியால ஒரு தள்ளுவண்டிக்காரர், கோயம்பேடே போனதில்லைன்னு அடிச்சு சொல்றாரு, அவர் சரக்கு எடுத்தப்ப பக்கத்துல நின்னவன் நான். அவர நான் காட்டிக் குடுக்கல, தனியா கூப்பிட்டு டெஸ்ட் எடுத்துக்கோப்பா, வீட்ல சின்னப் புள்ளைங்க இருக்குன்னு சொன்னேன். போனா தெருவ அடைச்சிடுவாங்க, ஹவுஸ் ஓனர் வீட்ட காலி பண்ண சொல்லிடுவாருன்னு பயப்படறாரு. அந்த பயம் பொய்னு என்னால சொல்ல முடியல.

ஏப்ரல் முதல் வாரத்துல டெல்லில தப்லீக் ஜமாத் மாநாட்டுக்குப் போனவங்க விஷயத்துலயும் இதையேதான் பண்ணோம். எங்க தெருவுக்கு பழம் கொண்டு வர்ற பாய் ஒருத்தர், வாழ்க்கைல டெல்லிய பாத்ததில்ல, அவர் கிட்ட யாரும் ஒரு வாழப்பழம் வாங்கல. அப்புறம் மாநாட்டுக்குப் போயி குணமானவங்கள்லயே பல பேரு அடுத்தவன் உசுரக் காப்பாத்த தங்க ரத்தத்துல இருந்து பிளாஸ்மா குடுக்க முன்வந்தாங்க, அந்த நியூஸ் எந்த மூலைல வந்துச்சுன்னு தேடிப் பாருங்க. ஏப்ரல் 19-ஆம் தேதி கொரோனால இறந்த ஒரு டாக்டரோட உடம்ப இதே சென்னைல புதைக்க விடாம ஆம்புலன்ஸ் மேல கல்லெறிஞ்சாங்க, கூட இருந்த டாக்டரே ராத்திரில மண்ணள்ளிப் போட்டு அடக்கம் பண்ண வேண்டியதாச்சு. அதுக்கு அப்புறம்தான் இப்படி தடுத்தா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில்னு அவசரச் சட்டம் வந்துச்சு. செத்த டாக்டருக்கே இந்த கதின்னா உசுரோட இருக்கற லோடுமேன் எந்த மூலைக்கு.

நேத்து முந்தின நாள், 7-ஆம் தேதி, சென்னைய விட்டுட்டு மத்த ஊர்ல எல்லாம் டாஸ்மாக் திறந்தாங்க. கிலோமீட்டர் கணக்குல வரிசை, குடை பிடிச்சுக்கிட்டு, சில ஊர்ல தேங்கா உடைச்சு கும்பிட்டுட்டு வாங்கிட்டுப் போனாங்க. ஐகோர்ட் நேத்து மூட சொல்லிடுச்சு. இதுல நாளைக்கு நம்பர் ஏறுனா அதுக்கு டாஸ்மாக் தொடர்புன்னு தனி கணக்கு போட்டு தினம் சாயங்காலம் படிப்பாங்களான்னு பாக்கத்தான் போறேன்.

திருமழிசைல புது மார்க்கெட் போடறாங்களாம், 11-ஆம் தேதில இருந்து வியாபாரம்னு சொல்றாங்க. நல்லது, திறந்தவெளி. ஆனா கோயம்பேட்டுல இருந்து இருபது கிலோமீட்டர் கிட்ட தள்ளி இருக்கு, எனக்கு வண்டி வாடகையே எகிறிடும், அந்த காசு உங்க தக்காளி விலைலதான் வந்து ஏறும், ஏற்கெனவே மார்க்கெட் மூடுனதுல இருந்து விலை தாறுமாறா இருக்கு, ஜனம் என்னத்தான் திட்டுது. அதையும் பொறுத்துக்கலாம். லோடுமேனுங்க படுக்க இடம் எங்க? அங்கயும் லாரிக்கு அடிலயே படுப்பாங்கன்னா இடம் மாறுனதுல என்ன பிரயோஜனம். கக்கூஸ் எத்தன, குழாய் எத்தன, சோப்பு யார் வைப்பாங்க, மழை பேஞ்சா அந்த மண்ணு என்ன ஆகும், இதெல்லாம் உங்க நிருபர ஒரு தடவ ராத்திரி ஒரு மணிக்கு அனுப்பி பாத்து எழுத சொல்லுங்க. பகல்ல போனா ஒண்ணும் தெரியாது, அதிகாரி காட்டறததான் பாத்துட்டு வருவாரு. சரக்கு எடுக்க வர்றவனுக்கு நேரம் பிரிச்சு டோக்கன் குடுக்கறாங்களா, மூட்டை தூக்கறவங்களுக்கு வாரம் ஒரு தடவ டெஸ்ட் உண்டா, பாசிட்டிவ் ஆனா அவன் ஆஸ்பத்திரில இருக்கற நாளுக்கு வீட்டுக்கு ஏதாவது பணம் உண்டா, இதையும் கேட்டு எழுதுங்க. பணம் உண்டுன்னு தெரிஞ்சா அவன் ஏன் ஒளியப் போறான்.

அரசாங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள், நீங்க போட்டா அவங்க கண்ணுல படும். இன்னொரு தடவ முழு ஊரடங்கு போடற நிலைமை வந்தா, வரும்னுதான் தோணுது, தயவுசெஞ்சு முதல் நாள் ராத்திரி சொல்லாதீங்க. நாலு நாள் முன்னாடி சொல்லுங்க, சொல்றப்பவே எந்த வார்டுக்கு எந்த நாள் காய் வண்டி வரும்னு சேத்து சொல்லுங்க. வண்டி நிச்சயம் வரும்னு நம்பிக்கை இருந்தா எவனும் கோயம்பேட்டுக்கு ஓட மாட்டான். என் கிட்ட குட்டியானை இருக்கு, என்ன மாதிரி ஏரியாவுக்கு ஏரியா ஆளு இருக்கான், பாஸ் குடுத்து தெரு ஒதுக்குங்க, கவர்ன்மென்ட் போடற விலைக்கே வித்துட்டுப் போறோம்.

அப்புறம் அந்த நெகட்டிவ் ரிசல்ட்ட ஒரு துண்டு பேப்பர்லயாவது சீல் வச்சுக் குடுக்க சொல்லுங்க ஐயா, கடை வாசல்ல ஒட்டி வச்சுக்கறேன்.

இப்படிக்கு,
சில்லறை காய்கறி வியாபாரி,
அயனாவரம், சென்னை.
(பேரு போட வேணாம், ஏற்கெனவே வியாபாரம் பாதியாதான் நடக்குது.)